லெக்னித்சாவில் வீழ்ந்த கோமகன்: சிலேசியாவின் இரண்டாம் ஹென்றிக் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மங்கோலியர் ஐரோப்பாவுக்குள் புகுந்த வரலாற்றைப் பற்றி யாரிடம் பேசினாலும், சிறிது நேரத்தில் பேச்சு லெக்னித்சாப் போருக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து, அப்போரில் தலையை இழந்த கோமகனிடம் வந்து நிற்கிறது. அவரைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்வதைவிட, கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து வைப்பது பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு நாளின் தோல்வியைக் கொண்டும், அந்தத் தோல்வியைச் சுற்றி வளர்ந்த கதைகளைக் கொண்டும் மட்டுமே அவரை அளப்பது சரியன்று என்பது என் உறுதியான எண்ணம்.

யார் இந்த இரண்டாம் ஹென்றிக்? எந்த நாட்டுக்காரர்?

இன்றைய போலந்தின் தென்மேற்கில், ஓடர் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்திருக்கும் நிலப்பகுதி சிலேசியா. அதன் தலைநகரான விரோத்ஸ்வாஃபிலிருந்து 1238 முதல் 1241 வரை ஆண்ட கோமகன்தான் இரண்டாம் ஹென்றிக். போலந்து நாட்டை உருவாக்கிய பியாஸ்ட் மரபில் வந்தவர். போலந்து மக்கள் அவரை 'ஹென்றிக் போபோஜ்னி', அதாவது பக்திமான் ஹென்றிக், என்று அழைக்கிறார்கள்.

அவர் பிறந்த ஆண்டை எந்த ஆவணமும் சொல்லவில்லை. 12ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ பிறந்திருக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள். இறந்த நாளோ மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது: 1241ஆம் ஆண்டு ஏப்ரல் 9. தன் கோட்டை நகரமான லெக்னித்சாவுக்கு அருகில், மங்கோலியருடன் நடந்த போரில் அவர் உயிரிழந்தார்.

அவர் அரசரா, கோமகனா? போலந்துக்கு அப்போது அரசரே இல்லையா?

முடி சூடிய அரசர் இல்லை. 1138இல் மூன்றாம் போலெஸ்லாவ் இறக்கும்போது, நாட்டைத் தன் மகன்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, மூத்தவர் கிராக்கோவிலிருந்து மற்றவர்களுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பிள்ளைகளுக்குள் சண்டை வரக்கூடாது என்பதற்காகச் செய்த அந்த ஏற்பாடே தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்குக் காரணமாயிற்று. பாகப்பிரிவினை மேலும் மேலும் நடந்து, சிலேசியா, மசோவியா, பெரும்போலந்து எனப் பல கோமகன்கள் தனித்தனியே ஆளத் தொடங்கினார்கள்.

ஆயினும் கிராக்கோவ் யாரிடம் இருக்கிறதோ அவரே போலந்தின் முதல்வர் என்ற எண்ணம் மட்டும் அழியவில்லை. நம் ஹென்றிக் சிலேசியாவுக்கு மட்டுமன்றிக் கிராக்கோவுக்கும் கோமகனாக இருந்தார். பெரும்போலந்தின் ஒரு பகுதியும் அவர் கையில் இருந்தது. ஆகவே அவரை ஒரு சிற்றரசராக நினைத்துவிடக் கூடாது. அக்காலப் போலந்தில் அவருக்கு நிகரான வலிமை வேறு எவருக்கும் இல்லை.

அப்பா பெயரும் ஹென்றிக், பேரன் பெயரும் ஹென்றிக். எப்படிப் பிரித்து அறிவது?

பட்டப்பெயர்களைக் கொண்டு அறிவதே எளிது. தந்தை முதலாம் ஹென்றிக், 'தாடிக்காரர்'. மகன் இரண்டாம் ஹென்றிக், 'பக்திமான்'. அவருடைய மகன்களில் ஒருவர் மூன்றாம் ஹென்றிக், 'வெள்ளையர்'. அந்த மூன்றாம் ஹென்றிக்கின் மகன் நான்காம் ஹென்றிக், 'புரோபுஸ்', அதாவது நேர்மையாளர். 1288இல் கிராக்கோவைப் பிடித்து 1290இல் இறந்தவர்.

இணையத்தில் அடிக்கடி நிகழும் பிழை, இரண்டாம் ஹென்றிக்கையும் நான்காம் ஹென்றிக்கையும் குழப்புவதாகும். ஜெர்மன் மொழிக் காதற்பாடல்கள் அடங்கிய மானெஸ்ஸே சுவடியில் கவிஞராக இடம்பெறுபவர் பேரன். மங்கோலியரோடு போரிட்டவர் பாட்டன்.

அப்பா சேர்த்து வைத்ததைத்தானே இவர் ஆண்டார்? இவராகச் செய்தது என்ன?

தாடிக்கார ஹென்றிக் பெரிய ஆட்சியாளர் என்பதில் ஐயமில்லை. 1232இல் கிராக்கோவையும், 1234இல் பெரும்போலந்தின் ஒரு பகுதியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். 1211இல் பொன் தோண்டும் ஊரான ஸ்வோதோரியாவுக்கு நகர உரிமை வழங்கி, வெளியிலிருந்து குடியேறிகளை வரவழைத்து, காடு திருத்தி, வரி பெருக்கினார். ஆனால் அந்த ஆட்சி இடையில் இரு முறை அறுந்துபோகவிருந்தது. 1227இல் காசாவா என்னும் இடத்தில் கோமகன்கள் கூடியிருந்தபோது நடந்த தாக்குதலில் கிராக்கோவின் கோமகன் வெள்ளை லெஷெக் கொல்லப்பட்டார். உடனிருந்த தாடிக்காரர் படுகாயமடைந்தார். அவருடைய வீரர் ஒருவர் தம் உடலால் அவரை மூடிக்கொண்டு உயிர்விட்டதால்தான் அவர் பிழைத்தார். 1229இல் மசோவியாவின் கொன்ராட் அவரைச் சிறைபிடித்தார். அத்தகைய வேளைகளில் ஆட்சி சிதறாமல் பிடித்து நின்றவர் மகன். 1220களிலிருந்தே தந்தையோடு ஆட்சிப் பொறுப்பில் பழகியவர் அவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

1238 மார்ச் 19 அன்று தந்தை இறந்தபின், தனி ஆட்சிக்கு அவருக்குக் கிடைத்தவை மூன்று ஆண்டுகளே. அதற்குள் மேற்கு எல்லையிலுள்ள லுபுஷ் கோட்டையைக் கைப்பற்ற முயன்ற ஜெர்மானியரான மாக்டெபுர்க், பிராண்டன்புர்க் படைகளைத் திருப்பியனுப்பினார்; சாந்தோக் கோட்டையை மீட்டார். தந்தை காலத்தில் திருச்சபையோடு இருந்த பூசலைத் தணித்தார். பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்குக்கும் திருத்தந்தை (போப்) ஒன்பதாம் கிரகோரிக்கும் இடையிலான மோதலில் திருத்தந்தையின் பக்கம் நின்றார். தந்தை சேர்த்ததைக் கட்டிக்காப்பது எளிதான வேலை என்று நினைப்பவர்கள், அதே நிலத்தை அவருக்குப் பின் வந்தவர்கள் எவ்வளவு விரைவாக இழந்தார்கள் என்று பார்த்தால் போதும். அதைக் கீழே சொல்கிறேன்.

அவருடைய அம்மா புனிதர் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பவேரியாவைச் சேர்ந்த ஆண்டெக்ஸ் குடும்பத்தில் பிறந்த ஹெட்விக் அம்மையார்தான் அவருடைய தாய்; போலந்து மொழியில் யாத்விகா. 1243இல் மறைந்த அவருக்கு 1267இல் திருத்தந்தை நான்காம் கிளமெண்ட் புனிதர் பட்டம் வழங்கினார். 1202இல் அவரும் கணவரும் சேர்ந்து த்ஷெப்னித்சாவில் நிறுவிய சிஸ்டர்சியன் கன்னியர் மடம் அவருடைய வாழ்வின் நடுவிடம் ஆயிற்று. அவருடைய மகள் கெர்த்ரூட் அங்கே மடத்தலைவியாக இருந்தார். கணவரும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்.

பனிக்காலத்திலும் செருப்பின்றி நடப்பது ஹெட்விக்கின் வழக்கம். இதைப் பொறுக்காத ஆன்ம குரு, ஒரு சோடி காலணிகளைக் கொடுத்து, இவற்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டாராம். அவரும் மீறவில்லை, கையில் வைத்திருந்தார். அதனால்தான் ஓவியங்களில் ஒரு கோமகள் வெறுங்காலோடு, கையில் காலணிகளைத் தாங்கி நிற்பதைக் காண்கிறோம்.

'பக்திமான்' என்ற பெயர் எதனால் வந்தது?

அப்படிப்பட்ட தாயின் வீட்டில் வளர்ந்தது முதற்காரணம். அப்போது புதிதாகத் தோன்றியிருந்த பிரான்சிஸ்கன் துறவிகளை விரோத்ஸ்வாஃபுக்கு வரவழைத்து அவர்களுக்குக் கோவில் கட்டத் தொடங்கியது இரண்டாவது. கிறித்தவரல்லாத படையோடு போரிட்டு இறந்ததால் அவரை மறைசாட்சிக்கு (சமயத்துக்காக உயிர்விட்டவருக்கு) இணையாக மதித்தது மூன்றாவது. அவரும் மனைவி அன்னாவும் அருளாளர்களாக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) அறிவிக்கப்பட வேண்டும் என்ற முயற்சி சிலேசியத் திருச்சபையில் இன்றும் நடைபெறுகிறது.

இதோடு சேர்த்து அறியவேண்டிய ஒன்று ஹென்றிகூஃப் மடம். 1227இல் நிறுவப்பட்ட அந்த சிஸ்டர்சியன் மடத்துக்கு உண்மையில் பொருளும் நிலமும் திரட்டியவர் கோமகனின் எழுத்தரான நிக்கோலாஸ். அவர் அனுமதி கேட்டபோது, நிறுவிய பெருமை கோமகன் குடும்பத்துக்கே உரியதாக வேண்டும் என்று தாடிக்காரர் நிபந்தனை விதித்ததை மடத்தின் சுவடியே பதிவு செய்கிறது. ஊர்ப் பெயரும் அதனால் 'ஹென்றிகூஃப்' ஆயிற்று. அதே சுவடியில்தான், திரிகை சுற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் கணவன் "நான் அரைக்கிறேன், நீ ஓய்ந்திரு" என்று சொல்லும் வரி இருக்கிறது. எழுதப்பட்ட போலந்து மொழியின் மிகப் பழைய வாக்கியமாக அது போற்றப்படுகிறது. கோமகன்களின் பெருமைக்கு நடுவே, ஓர் ஏழைக் குடும்பத்தின் திரிகைப் பேச்சு தப்பிப் பிழைத்து நமக்கு வந்து சேர்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

மங்கோலியர் எதற்காக சிலேசியா வரை வந்தார்கள்?

அவர்களுடைய உண்மையான குறி ஹங்கேரி. மங்கோலிய இளவரசர் பாத்து கானும் படைத்தலைவர் சுபுதாயும் முதன்மைப் படையோடு கார்பாத்திய மலைகளைக் கடந்து ஹங்கேரிக்குள் இறங்கினார்கள். வடக்கிலிருந்து ஹங்கேரிக்கு உதவி வந்துவிடாமல் தடுப்பதற்காக வேறொரு படை போலந்துக்குள் அனுப்பப்பட்டது. அதன் தலைவர்களில் ஒருவர் செங்கிஸ் கானின் பேரன் பைதார். அப்படை 1241 மார்ச் 18 அன்று ஹ்மியேல்னிக்கில் கிராக்கோவ், சாந்தோமியேஷ் பகுதிப் படைகளை முறியடித்தது; மார்ச் முடிவதற்குள் கிராக்கோவ் எரிந்தது. விரோத்ஸ்வாஃபில் மக்கள் தாங்களே தங்கள் வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டு, ஆற்றுத் தீவிலிருந்த கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். அந்தக் கோட்டை விழவில்லை.

ஹங்கேரி அரசர் நான்காம் பேலாவின் தாயும், ஹென்றிக்கின் தாய் ஹெட்விக்கும் உடன்பிறந்தவர்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அக்கா தங்கை பிள்ளைகளான இந்த இருவரில் ஒருவர் ஏப்ரல் 9 அன்று லெக்னித்சாவிலும், மற்றவர் ஏப்ரல் 11 அன்று ஹங்கேரியின் மோஹியிலும் ஒரே போர்த்திட்டத்தின் இரு கைகளில் சிக்கித் தோற்றார்கள். பேலா தப்பினார், ஹென்றிக் தப்பவில்லை.

போர் எப்படி நடந்தது? விளக்கமாகச் சொல்ல முடியுமா?

விரிவான வருணனை 15ஆம் நூற்றாண்டில் போலந்து வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் எழுதியது. அதாவது போர் நடந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அவர் பழைய சுவடிகளைப் பார்த்து எழுதினாரா, எவ்வளவு சேர்த்துக்கொண்டார் என்பதில் அறிஞர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. ஆகவே கீழே வருவதைத் துவுகோஷின் கூற்றாகவே கொள்ள வேண்டும்.

படை பல அணிகளாக நின்றது. முன்னணியில் மொராவியக் கோமகனின் மகன் போலெஸ்லாவின் தலைமையில் வெளிநாட்டு வீரர்களும், ஸ்வோதோரியாவின் பொன்சுரங்கத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பின்னால் கிராக்கோவ், பெரும்போலந்து வீரர்கள்; ஒப்போலேயின் கோமகன் மியேஷ்கோவின் ஆட்கள்; இறுதியில் ஹென்றிக்கின் சொந்தப் படை. முன்னணி வேகமாகப் பாய்ந்தது. மங்கோலியர் பின்வாங்குவதுபோல் போக்குக் காட்டி, அவர்களை உள்ளே இழுத்து அம்பு மழையால் வளைத்தார்கள். அடுத்த அணிகள் நிலைமையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவன் இரு படைகளுக்கும் நடுவே குதிரையில் ஓடி, போலந்து மொழியில் "ஓடுங்கள், ஓடுங்கள்" என்று கத்தினானாம். மியேஷ்கோவின் அணி அதை நம்பிக் களத்தை விட்டு விலகியது. அதைக் கண்ட ஹென்றிக், "பெருந்துன்பம் நமக்கு நேர்ந்துவிட்டது" என்ற பொருள்படச் சொன்னதாகத் துவுகோஷ் எழுதுகிறார். எக்ஸ் வடிவக் குறியும், அதன்மேல் தாடி வைத்த அச்சமூட்டும் தலையும் கொண்ட ஒரு கொடியை மங்கோலியர் அசைத்ததாகவும், அதிலிருந்து நாற்றமடிக்கும் புகை கிளம்பிப் படையை மூச்சுத்திணறச் செய்ததாகவும் அவர் சொல்கிறார்.

புகையும் கூச்சலும் பின்னாளைய கற்பனையாகவே இருந்தாலும், நடுவிலுள்ள செய்தி நம்பத்தக்கது. 1247இல் ஒரு பிரான்சிஸ்கன் துறவி, மங்கோலியரிடம் தூது சென்று திரும்பியவர்களின் வாய்மொழியைக் கேட்டு எழுதிய குறிப்பும், மங்கோலியர் ஓட நினைத்த வேளையில் எதிர்பாராத விதமாகக் கிறித்தவ அணிகள் ஓடத் தொடங்கின என்றே கூறுகிறது. போர் ஒரு கட்டத்தில் இருபுறமும் சாயக்கூடிய நிலையில் இருந்தது என்பது இதனால் தெரிகிறது.

போஹேமிய அரசர் ஒரு நாள் தொலைவில் வந்துகொண்டிருந்தாராமே! ஹென்றிக் ஏன் காத்திருக்கவில்லை?

போஹேமிய அரசர் முதலாம் வென்செஸ்லாஸ் ஹென்றிக்கின் மைத்துனர். மனைவி அன்னாவின் உடன்பிறந்தவர். அவர் படையோடு புறப்பட்டு வந்துகொண்டிருந்தார் என்பதும், ஒரு நாள் வழியில் இருந்தார் என்பதும் உண்மை.

ஹென்றிக்கின் மனத்தில் என்ன இருந்தது என்பதற்குச் சான்று ஏதும் எஞ்சவில்லை. ஆகவே என் கருத்தை மட்டும் சொல்கிறேன். கோட்டைக்குள் அடைபட்டால் சுற்றியுள்ள ஊர்களை எதிரியிடம் விட்டுவிட நேரும். களத்தில் நின்றால் எதிரியின் வேகம் அவரை ஒரு நாள்கூடச் சும்மா விடாது. இரண்டு படைகளும் சேர்வதற்கு முன்பே போரை மூட்டிவிட வேண்டும் என்பது மங்கோலியருக்குத்தான் அவசரம். ஆகவே, பொறுமையின்றி முந்திக்கொண்டார் என்று அவர்மீது பழி போடுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

இரு பக்கமும் எத்தனை பேர்? ஒன்பது மூட்டை காதுகள் என்பதெல்லாம் நிஜமா?

பழைய நூல்களில் வரும் பெரும்பெரும் எண்களை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஒவ்வொரு பக்கமும் சில ஆயிரம் பேர் என்பதே பொதுவான கணிப்பு. இறந்தவர் ஒவ்வொருவரின் ஒரு காதை அறுத்து எண்ணியபோது ஒன்பது பெரிய மூட்டைகள் நிறைந்தன என்பது துவுகோஷின் கூற்று. அக்காலத்திலேயே எழுதப்பட்ட கணக்கு ஒன்று உண்டென்றால், அது பிரான்சிலிருந்த டெம்ப்ளர் சபைத் தலைவர் அரசர் ஒன்பதாம் லூயிக்கு எழுதிய கடிதம். சபையைச் சேர்ந்த சில துறவி வீரர்களோடு, அவர்களின் ஆட்கள் 500 பேரும் இறந்ததாக அது தெரிவிக்கிறது.

ட்யூட்டானிக் சபை என்ற ஜெர்மன் துறவி வீரர்களும் அங்கே போரிட்டார்கள், அவர்களின் தலைவர் பொப்போ அங்கேயே இறந்தார் என்றும் பல இடங்களில் படிக்கலாம். பொப்போ அதன்பின் 1252இல்தான் சபையின் பெருந்தலைவர் ஆனார். இறந்தவர் அப்படி ஆகியிருக்க முடியாது.

ஹென்றிக் எப்படி இறந்தார்?

இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. துவுகோஷின்படி, சுற்றிலும் ஆட்கள் வீழ்ந்தபின் சிலரோடு தப்பிச் செல்ல முயன்றார், குதிரை களைத்துப்போனது, கையை ஓங்கியபோது அக்குளில் ஈட்டி பாய்ந்து கீழே விழுந்தார், பிறகு தலை வெட்டப்பட்டது. மேலே குறிப்பிட்ட 1247ஆம் ஆண்டுக் குறிப்பு வேறுவிதமாகச் சொல்கிறது: உயிரோடு பிடிக்கப்பட்டு, உடைகள் களையப்பட்டு, முன்பு சாந்தோமியேஷில் இறந்த மங்கோலியத் தலைவர் ஒருவரின் முன் மண்டியிட வைக்கப்பட்டு, அதன்பின் தலை துண்டிக்கப்பட்டது, அந்தத் தலை 'ஓர் ஆட்டின் தலையைப் போல' ஹங்கேரியிலிருந்த பாத்துவிடம் அனுப்பப்பட்டு, மற்றத் தலைகளின் நடுவே வீசப்பட்டது.

நான் பின்னதன் பக்கமே சாய்கிறேன். அது போர் நடந்து ஆறே ஆண்டுகளில் எழுதப்பட்டது. வீரச்சாவாக அலங்கரிக்கும் நோக்கமும் அதில் இல்லை. தலையை ஈட்டியில் குத்தி லெக்னித்சாக் கோட்டையின் முன் காட்டிச் சரணடையச் சொன்னார்கள், கோட்டை மக்கள் மறுத்துவிட்டார்கள் என்ற செய்தியை இரண்டு கூற்றுகளோடும் பொருத்திப் பார்க்க முடியும்.

உடலை ஆறு கால்விரலைக் கொண்டு கண்டுபிடித்தார்களாமே?

தலையும் உடையும் இல்லாமல் களத்தில் கிடந்த உடலை, இடது காலில் ஆறு விரல்கள் இருந்ததைக் கொண்டு மனைவி அன்னா அடையாளம் காட்டினார் என்பது பழமையான மரபுச் செய்தி. 1832இல் கல்லறை திறக்கப்பட்டபோது இது மெய்யானது என்றும் சொல்லப்படுகிறது. மரபாகவே கொண்டாலும், அதை வெறும் கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஈட்டியும் கொடியும் சுமந்து போன ஒரு கோமகனை, கடைசியில் அவருடைய கால்விரலை அறிந்த ஒருவர்தான் அடையாளம் காட்ட முடிந்தது.

தாய் ஹெட்விக்கும் அன்னாவும் கன்னியரும் அப்போது க்ரோஸ்னோ கோட்டையில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். மகன் இறந்ததைச் செய்தி வருமுன்பே உணர்ந்து உடனிருந்த கன்னியிடம் சொன்னார் என்றும், உயிரோடிருந்தபோது ஒருநாளும் தன்னை வருத்தாத மகனைத் தந்ததற்காக இறைவனுக்கு நன்றி கூறினார் என்றும் புனிதரின் வரலாறு கூறுகிறது.

அப்படியானால் அவர்தான் மங்கோலியரைத் தடுத்து ஐரோப்பாவைக் காப்பாற்றினாரா?

இல்லை. நான் அவர்மீது கொண்ட மதிப்பையும் மீறி இதைச் சொல்லியாக வேண்டும். மேலே கூறியபடி, போலந்துக்கு வந்த படையின் வேலை ஹங்கேரிக்கு உதவி போகாமல் தடுப்பது. லெக்னித்சாவில் அந்த வேலை முடிந்தது. அவர்கள் திரும்பி ஓடவில்லை. தெற்கே மொராவியா வழியாகச் சென்று பாத்துவோடு சேர்ந்துகொண்டார்கள். 1242இல் மங்கோலியர் ஹங்கேரியை விட்டு வெளியேறியதற்கு, 1241 டிசம்பரில் பெருங்கான் ஒகதாய் இறந்தது, மேய்ச்சல் நிலப் பற்றாக்குறை, கற்கோட்டைகளின் எதிர்ப்பு எனப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. லெக்னித்சா அவற்றில் ஒன்றன்று. 1259–60 குளிர்காலத்திலும் 1287–88இலும் அவர்கள் மீண்டும் போலந்துக்குள் வந்தார்கள்.

ஐரோப்பாவின் கேடயம் என்ற படிமம் பின்னாளில், துருக்கியரோடு போர்கள் நடந்த காலங்களில், வலுப்பெற்றது. அந்தப் படிமத்தை எடுத்துவிட்டால் ஹென்றிக் சிறியவராகிவிடுவார் என்று அஞ்சத் தேவையில்லை.

அவர் இறந்ததால் போலந்து எதை இழந்தது?

என்னைக் கேட்டால், இதுதான் முதற்கேள்வியாக இருந்திருக்க வேண்டும். தந்தையும் மகனும் சேர்ந்து கட்டிய ஆட்சியை வரலாற்றாசிரியர்கள் 'சிலேசிய ஹென்றிக்குகளின் முடியாட்சி' என்றே அழைக்கிறார்கள். சிதறிய போலந்து மறுபடி ஒன்றாகும் வாய்ப்பு அதில் இருந்தது. ஏப்ரல் 9 அன்று அந்த வாய்ப்பு மறைந்தது. கிராக்கோவை அதே ஆண்டில் மசோவியாவின் கொன்ராட் பிடித்தார். பெரும்போலந்து பழைய மரபினரிடம் திரும்பியது. மூத்த மகன் போலெஸ்லாவ் தம்பிகளோடு சண்டையிட்டார். 1248இலும் அதன் பின்னும் நடந்த பங்கீடுகளில் சிலேசியா லெக்னித்சா, விரோத்ஸ்வாஃப், குவோகூஃப் எனப் பிரிந்தது. தந்தை காத்த லுபுஷ் நிலத்தையும் போலெஸ்லாவ் கைவிட்டார். துண்டு துண்டான சிலேசியக் கோமகன்கள் 14ஆம் நூற்றாண்டில் ஒவ்வொருவராகப் போஹேமிய முடிக்குக் கீழ்ப்படிந்தார்கள். அதன்பின் சிலேசியாவின் பெரும்பகுதி போலந்தோடு சேர்ந்தது 1945இல்தான்.

ஒரு நூல் மட்டும் அறுபடாமல் தொடர்ந்தது. ஹென்றிக்கின் மகள் எலிசபெத் பெரும்போலந்தின் கோமகனை மணந்தார். அவர்களுடைய மகன் இரண்டாம் பெஷமிசுவாஃப் 1295இல் க்னியெஸ்னோவில் போலந்தின் அரசராக முடி சூடினார். இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் சூடப்படாதிருந்த முடி, லெக்னித்சாவில் இறந்தவரின் மகள்வழிப் பேரனின் தலைக்கு வந்து சேர்ந்தது.

மனைவி அன்னாவைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லையே?

சொல்லத்தான் வேண்டும். போஹேமிய அரசர் முதலாம் ஒட்டோகாரின் மகள். பிராகாவில் கிளாரா சபையைத் தொடங்கிய புனித ஆக்னஸின் உடன்பிறந்தவர். கணவர் இறந்தபின் இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1265இல் மறைந்தார். கணவர் தொடங்கிய பிரான்சிஸ்கன் கோவிலைத் தொடர்ந்து ஆதரித்தார். 1242இல் க்ஷெஷூஃபில் பெனடிக்ட் துறவிகளுக்கு இடம் அளித்தார். 1257இல் விரோத்ஸ்வாஃபில் கிளாரா கன்னியர் மடத்தை நிறுவினார். மகன்கள் நிலத்துக்காக அடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் கணவரின் பெயரை நிலைநிறுத்தியவர் இவரே.

அவர் ஜெர்மானியரா, போலந்துக்காரரா?

இன்றைய தேசிய எல்லைகளை 13ஆம் நூற்றாண்டின்மீது வரைவதால் எழும் கேள்வி இது. தந்தைவழி பியாஸ்ட், தாய் பவேரியர், மனைவி போஹேமியர். குடிமக்களில் போலந்து மொழி பேசுவோரே மிகுதி, நகரங்களில் ஜெர்மன் பேசும் குடியேறிகள் பெருகிவந்தார்கள். 19, 20ஆம் நூற்றாண்டுகளில் இரு தரப்பினரும் அவரைத் தங்களுக்கு உரியவர் என்று கொண்டாடினார்கள். அவர் தம்மைக் கருதியது ஒரு பியாஸ்டாக, சிலேசியாவுக்கும் கிராக்கோவுக்கும் உரிய கோமகனாக.

கிராக்கோவ் தேவாலயக் கோபுரத்தில் ஊதும் எக்காள இசை பாதியில் நிற்பது இந்தப் போரினாலா?

அது லெக்னித்சாவைச் சார்ந்ததன்று. கிராக்கோவைத் தாத்தாரியர் (மங்கோலியரை அங்கே அழைக்கும் பெயர்) தாக்கியபோது அம்பு பட்டு ஊதுபவர் இறந்தார் என்ற அக்கதை பழைய சுவடிகளில் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் பரவியது.

போர் நடந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது?

லெக்னித்சா நகருக்குத் தென்கிழக்கே லெக்னித்ஸ்கியே போலே என்னும் சிற்றூர் இருக்கிறது. உடல் கிடைத்ததாக மரபு சொல்லும் இடத்திலுள்ள பழைய கோதிக் கோவிலில் 1961 முதல் போர் அருங்காட்சியகம் இயங்குகிறது. எதிரே, கிலியான் இக்னாஸ் டீன்ட்சன்ஹோஃபர் வடிவமைத்த பரோக் பாணி புனித ஹெட்விக் கோவில் எழுந்து நிற்கிறது. அதன் கூரை ஓவியங்கள் கோஸ்மாஸ் தாமியான் ஆசாமின் கைவண்ணம்.

இவ்வூரின் ஜெர்மன் பெயர் வால்ஷ்டாட். 1813இல் இப்பகுதியில் நெப்போலியனின் படையை வென்ற பிரஷ்யப் படைத்தலைவர் புளூகருக்கு 'வால்ஷ்டாட் இளவரசர்' என்ற பட்டம் வழங்கப்பட்டது. அந்தப் பட்டத்தைப் பார்த்து இரண்டு போர்களையும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது.

தோற்று இறந்தவர்தானே? கல்லறைச் சிற்பத்தில் ஏன் எதிரியின்மீது கால் வைத்திருக்கிறார்?

விரோத்ஸ்வாஃபில் அவர் தொடங்கிய பிரான்சிஸ்கன் கோவிலின் நடுவே அவர் அடக்கம் செய்யப்பட்டார். இப்போது அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்லறைச் சிற்பம் 14ஆம் நூற்றாண்டில் அவருடைய வழித்தோன்றல்கள் செய்வித்தது. போர்க்கவசத்தோடு கிடக்கும் கோமகனின் காலடியில், ஒரு தாத்தாரியன் மிதிபட்டுக் கிடக்கிறான். மறைசாட்சியாக இறந்தவர் விண்ணில் வென்றவர் என்பது அக்கால நம்பிக்கை. சிற்பி செதுக்கியது போரின் முடிவையன்று, அந்த நம்பிக்கையை. தலை துண்டிக்கப்பட்டவருக்கு அங்கே தலையும் திரும்பக் கிடைத்துவிட்டது.

ஆனால் அதே நூற்றாண்டில், அதே குடும்பம் வேறொரு படத்தையும் வரைவித்தது. ஹென்றிக்கின் எள்ளுப்பேரன் முதலாம் லுத்விக் 1353இல் எழுதுவித்த புனித ஹெட்விக்கின் சுவடி இப்போது லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் லெக்னித்சாக் கோட்டையின் முன்னே மங்கோலியர் குதிரைகளில் நிற்கிறார்கள். ஈட்டியின் முனையில் ஒரு தலை. மதிலின்மேல் நிற்கும் கோட்டை மக்கள் கதவைத் திறக்கவில்லை.